நம் பேரேட்டில் அரபு வேர்கள்

மளிகைக் கடைப் பேரேட்டில் பாக்கி, வசூல், அசல், பைசல் ஆகிய சொற்கள் இல்லாத பக்கத்தைக் காண்பது அரிது. மண்டிக்காரர் வந்து, "பழைய பாக்கி வசூல் ஆனால்தான் புதுச் சரக்கு" என்கிறார். நாமும், "பொங்கல் போகட்டும், மொத்தமாகப் பைசல் செய்துவிடுகிறோம்" என்கிறோம். இந்த இரண்டு வரிப் பேச்சில் மட்டும் மூன்று அரபுச் சொற்கள் வந்துவிட்டன. அவற்றை நாம் யாரும் வெளியார் சொல்லாக நினைப்பதில்லை.

இவையெல்லாம் மரக்கலத்தில் அரபு வணிகரோடு வந்தவை என்று பலரும் எண்ணுகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற துறைமுகங்களில் அப்படி நேரே வந்து தங்கிய சொற்களும் உண்டு. ஆனால் கணக்கும் வரியும் வழக்கும் சார்ந்த சொற்கள் பெரும்பாலும் தரை வழியாக வந்தவை. தக்காணத்துச் சுல்தான்கள், முகலாயர், ஆற்காட்டு நவாப் ஆகியோரின் கச்சேரிகளில் பாரசீகமே எழுத்து மொழி. அந்தப் பாரசீகம் அரபியிலிருந்து கணக்கற்ற சொற்களை எடுத்து வைத்திருந்தது. கம்பெனி ஆட்சி 1837-ல் சட்டம் போட்டுப் பாரசீகத்தைக் கைவிட்டது. ஆயினும் தாசில்தாரும் ஜில்லாவும் ஜப்தியும் நம்மிடமே தங்கிவிட்டன.

வெங்காயம், தேங்காய், முட்டை, அரிசி என்று வளைகுடாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். மகனோ மருமகனோ அங்கே கடையில் வேலை பார்க்கும் குடும்பங்களும் ஏராளம். அங்கிருந்து வரும் பில்லிலும் தொலைபேசிப் பேச்சிலும் நமக்குத் தெரிந்த சொற்கள் போலவே சில காதில் விழும். தெரிந்த சொல்தானே என்று அர்த்தம் பண்ணிக்கொண்டால் கணக்கு இடிக்கும். அதனால்தான் இந்தப் பாடம்.

மூன்று எழுத்தும் ஒரு தராசும்

தமிழில் 'செய்' என்ற அடிச்சொல்லின் பின்னால் ஒட்டுகளைச் சேர்த்துச் செய்தான், செய்கை, செய்வினை என்று ஆக்குகிறோம். அடிச்சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அரபியின் போக்கு வேறு. அங்கே வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள். அவற்றைத் தனியே உச்சரிக்கக்கூட முடியாது. இடையிடையே உயிரொலிகளையும், சில சமயம் முன்னால் ஓர் எழுத்தையும் செருகும்போதுதான் அது சொல்லாகிறது. எல்லாரும் காட்டும் உதாரணம் க-த-ப என்ற வேர். அதற்கு எழுதுதல் என்று பொருள். கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுபவர், மக்தூப் என்றால் எழுதப்பட்டது, மக்தப் என்றால் எழுதும் இடம், அதாவது அலுவலகம்.

இந்த அச்சுகளுக்கு அரபு இலக்கணத்தார் வைத்த பெயர்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையானது. சொல்லின் அச்சுக்கு 'வஸ்ன்' என்று பெயர். அதன் நேர்ப்பொருள் எடை. சொல்லை அச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறைக்கு 'மீஸான் ஸர்ஃபீ' என்று பெயர். மீஸான் என்றால் தராசு. 'ஸர்ஃப்' என்பது சொல் உருமாறுவதைப் பற்றிய இலக்கணம். அதே ஸர்ஃப் கடைவீதியில் நாணயம் மாற்றுவதையும் குறிக்கும். அந்தத் தொழிலைச் செய்த 'ஸர்ராஃப்' நம் பக்கத்தில் 'சராப்பு' ஆனார். இன்றைய அரபியில் வங்கிக்கு 'மஸ்ரிஃப்' என்று பெயர். இலக்கணப் புலவர்கள் சொற்களை எடை போட்டு மாற்றிக் கொடுத்தார்கள் என்றே சொல்லலாம். அவர்களுடைய எடைக்கல், 'செய்' என்று பொருள்படும் ஃப-அ-ல என்ற வேர். செய்பவரைக் குறிக்கும் அச்சு 'ஃபாஇல்', செய்யப்பட்டதைக் குறிக்கும் அச்சு 'மஃப்ஊல்'. காதிப் முதல் எடையில் நிற்கும், மக்தூப் இரண்டாவதில் நிற்கும்.

நம் சொற்களையே இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். வாரிசு என்பது 'வாரிஸ்'. பெறுபவர் என்பதால் ஃபாஇல் எடை. மகசூல் என்பது 'மஹ்ஸூல்'. கிடைக்கப்பெற்றது என்பதால் மஃப்ஊல் எடை. மாமூல் என்பது 'மஅமூல்', அதுவும் மஃப்ஊல் எடை. 'மா', 'மக' என்று தொடங்கி 'ஊல்' என்று முடியும் இந்தச் சாயல் தற்செயலாக வந்ததன்று.

அகராதி பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மரபான அரபு அகராதியில் மக்தப் என்ற சொல்லை மகரத்தில் தேடினால் கிடைக்காது. க-த-ப என்ற வேரின் கீழ்தான் இருக்கும். நாள்வாரியாக எழுதும் குறிப்பேட்டுக்கும், ஆள்வாரியாகப் பதியும் பேரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே நினைத்துக்கொண்டால் போதும். அரபு அகராதி ஒரு பேரேடு. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், முதல் அரபு அகராதி எனப்படும் 'கிதாபுல் ஐன்' நூலில் வேர்களை எழுத்துமாற்றிக் கணக்கிட்டு அடுக்கத் தொடங்கினார். 1004-ல் காலமான இப்னு ஃபாரிஸ் ஒவ்வொரு வேருக்கும் மூலப்பொருள் என்ன என்று ஆராய்ந்து ஒரு பேரகராதி எழுதினார். சில வேர்களுக்கு ஒரே மூலப்பொருள் என்றும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று என்றும் அவர் பிரித்துக் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒன்றில் அடக்க முயலாத அந்த நிதானம் நமக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு வேர், மூன்று தமிழ்ச் சொற்கள்

ஃப-ஸ-ல என்ற வேரை எடுத்துக்கொள்வோம். பிரித்தல், வெட்டித் தனியாக்குதல் என்பது அதன் பொருள். ஃபஸ்ல் என்றால் ஆண்டை வெட்டிய துண்டு, அதாவது பருவம். புத்தகத்தை வெட்டிய துண்டான அத்தியாயமும் ஃபஸ்ல்தான். உடம்பில் எலும்பு பிரிந்து மடங்கும் மூட்டுக்கு 'மஃப்ஸில்' என்று பெயர். வாக்கியத்தைப் பிரிக்கும் காற்புள்ளிக்கு 'ஃபாஸிலா' என்று பெயர்.

இந்த வேரிலிருந்து மூன்று சொற்கள் தமிழ்நாட்டுக் காகிதங்களில் இருக்கின்றன. பருவத்தை, அறுவடையை ஒட்டிய வருவாய் ஆண்டு பசலி. ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு. அது அறுவடையோடு ஒத்து நிற்காது. எனவே வரி வசூலுக்கு முகலாயர் காலத்தில் இந்தத் தனிக் கணக்கு ஏற்பட்டது. நம் வருவாய்த் துறையில் பசலி ஜூலை 1-ல் தொடங்கும். அந்த ஆண்டின் எண்ணில் 590-ஐக் கழித்தால் பசலி எண் வரும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி.

இரண்டாவது சொல் பைசல். அரபியில் 'ஃபைஸல்' என்றால் வழக்கைத் தீர்த்து முடிப்பவர், தீர்ப்பு. இரு தரப்பையும் பிரித்துவிடுவது என்பதால் இந்தப் பெயர். சவூதி மன்னர் ஒருவரின் பெயரும் இதுதான். நம் கடையில் பைசல் என்றால் கடன் முழுதும் அடைந்து கணக்கு முடிவது. அதுவும் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கடமைப்படாமல் பிரிவதுதானே. மூன்றாவது சொல் தபசில். கிரயப் பத்திரத்தில் சொத்தின் நான்கெல்லையையும் விஸ்தீரணத்தையும் பிரித்துப் பிரித்து எழுதும் பகுதி அது. அரபியில் 'தஃப்ஸீல்' என்றால் விவரம். துணியை அளவுக்கு வெட்டித் தைப்பதற்கும் அதே சொல். வளைகுடாவில் ஒரு தையற்கடைப் பலகையில் 'தஃப்ஸீல்' என்று கண்டு, பத்திரம் எழுதும் இடம் என்று நினைத்தால் என்ன ஆகும்!

மாமூலின் உறவினர்கள்

அடுத்தது அ-ம-ல. முதல் எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வரும் 'ஐன்'. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் அகரம் போட்டிருக்கிறோம். வேலை செய்தல் என்பது பொருள். சட்டம் 'அமல்' ஆகிறது என்றால் வேலை செய்யத் தொடங்குகிறது என்று அர்த்தம். மைசூர் அரசில் தாலுகா அதிகாரிக்கு அமல்தார் என்று பெயர் இருந்தது. மாமூல் என்பது வழக்கமாகச் செய்யப்பட்டு வருவது. 'மாமூல் வாழ்க்கை பாதித்தது' என்று பத்திரிகைகள் எழுதுவது இந்தப் பொருளில்தான். வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வருவதால் கையூட்டும் மாமூல் ஆயிற்று. சிரியா, லெபனான் பக்கத்தில் மஅமூல் என்றால் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பண்டிகைப் பலகாரம். நம் ஊரில் மாமூல் கேட்டு வருகிறவருக்கு அதைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அரபு நாட்டு வணிகக் கடிதத்தில் இந்த வேர் இல்லாத பத்தி குறைவு. 'முஆமலா' என்றால் கொடுக்கல் வாங்கல். 'உம்லா' என்றால் ஒரு நாட்டின் பணம். 'உமூலா' என்றால் தரகு, கமிஷன். ஓர் எழுத்து நீண்டால் பணம் கமிஷனாகிவிடுகிறது. 'அமீல்' என்றால் வாடிக்கையாளர். ஆனால் அரசியல் செய்தியில் அதே அமீல் அந்நிய நாட்டுக்கு வேலை செய்யும் கைக்கூலி! வேர் ஒன்றுதான், எந்தக் கடையில் எந்தப் பொருளுக்கு அது செலாவணி ஆகிறது என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கிறது.

தொழிலாளிகளுக்கு ஒரு தனி அச்சு

நடு எழுத்தை இரட்டித்து அடுத்து நெடில் வைத்தால், அதையே ஓயாமல் செய்பவர், தொழிலாகக் கொண்டவர் என்று பொருள் வரும். மேலே சொன்ன ஸர்ராஃப் இந்த அச்சு. ரொட்டி சுடுபவர் 'கப்பாஸ்'. சுமை தூக்குபவர் 'ஹம்மால்'. ஆந்திர, கர்நாடக மண்டிகளில் இவரே ஹமாலி. ஹ-ம-ல என்ற அந்த வேருக்குச் சுமத்தல் என்று பொருள். கருவுற்ற பெண்ணும் 'ஹாமில்'தான். இன்று கணினியில் கோப்பை இறக்குவதற்கும் அதே வேரிலிருந்து 'தஹ்மீல்' என்கிறார்கள். லாரியில் பாரம் ஏற்றுவதற்கும் அதுவே சொல்.

தரகர் 'தல்லால்'. வழிகாட்டுதல் என்ற வேர். வழிகாட்டிக்கும், வழக்கில் ஆதாரத்துக்கும் 'தலீல்' என்று பெயர். வாங்குபவரை விற்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்ற நோக்கில் வந்த பெயர் இது. நம் தரகர்களுக்கு இது கௌரவமானதுதான்.

மளிகைக்காரரின் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. அவர் 'பக்கால்'. வளைகுடாத் தெருமுனைகளில் 'பகாலா' என்று பலகை மாட்டிய சிறு கடைகள் இந்தப் பெயரில்தான் இருக்கின்றன. வேர் ப-க-ல, 'பக்ல்' என்றால் கீரை, பச்சைச் செடி, பயறு வகை. ஆதியில் கீரையும் பயறும் விற்றவர், பின்னர் அரிசி பருப்பு எண்ணெய் எல்லாம் விற்கத் தொடங்கினார்; பெயர் மட்டும் மாறவில்லை. துருக்கியிலும் மளிகைக்கடை பக்கால்தான். முகலாயர் கால ஏடுகளில் ஹேமுவை 'பக்கால்' என்று எழுதியிருப்பது அவருடைய வணிகக் குலத்தைக் குறித்தே. வாசனைப் பொருளும் மூலிகையும் விற்பவர் 'அத்தார்'. நாம் பூசும் அத்தர் அதே வேர். பாரசீகக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தாருக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது.

பக்காலையும் பாக்கியையும் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒலி ஒத்திருந்தாலும் பாக்கியின் வேர் ப-க-ய, எஞ்சி நிற்பது என்று பொருள். மளிகைக்காரருக்குத்தான் பாக்கி அதிகம் என்பது வேறு விஷயம்!

உறவு போலத் தோன்றுபவை

தமிழ் எழுத்தை வைத்து வேரை ஊகிப்பது ஆபத்து. அரபியில் 'ளாத்' என்று ஒரு கனத்த ஒலி உண்டு. அரபு மொழிக்கே 'ளாதின் மொழி' என்று ஒரு பெயர் இருக்கிறது. பாரசீகர் வாயில் அது ஜகரத்துக்கும் ஸகரத்துக்கும் இடைப்பட்ட ஒலியாகி, நம்மிடம் ஜ ஆயிற்று. ஜாமீன், ஜப்தி, ஜில்லா, ஆஜர், ராஜி, மாஜி ஆகிய அத்தனையிலும் உள்ள ஜ இந்த ளாத்தான். ஜமாபந்தியின் ஜ அசல் ஜகரம். ஜாஸ்தியில் இருப்பது மூன்றாவது எழுத்து.

எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் பொருள் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஸ-ஃப-ர என்ற வேரில் 'ஸிஃப்ர்' என்றால் வெறுமை, அதனால் பூஜ்யம். நம் நாட்டுச் சூனியத்தை அரபியர் இப்படி மொழிபெயர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்தே ஐரோப்பாவின் ஜீரோ. அதே எழுத்துகளில் 'அஸ்ஃபர்' என்றால் மஞ்சள் நிறம், 'ஸஃபீர்' என்றால் சீட்டி ஒலி. மூன்றுக்கும் பாலம் கட்ட முயல்வது வீண் வேலை.

இன்னொன்று, வேரே இல்லாமல் வந்து வேர் விட்ட சொல். 'ஃபுலூஸ்' என்றால் பணம் என்பது வளைகுடா போய்வந்த யாருக்கும் தெரியும். 'ஃபல்ஸ்' என்ற செப்புக்காசின் பன்மை அது. அந்தப் பெயர் ரோமாபுரிக் காசின் பெயரிலிருந்து கிரேக்கர் வழியாக வந்தது. திர்ஹமும் தீனாரும்கூட அப்படி வந்தவையே. ஆனால் அரபி அந்த அந்நியச் சொல்லிலிருந்து ஃப-ல-ஸ என்று மூன்று எழுத்தைப் பிடித்துக்கொண்டு வினைச்சொல் ஆக்கியது. 'அஃப்லஸ' என்றால் செப்புக்காசு நிலைக்கு வந்துவிட்டான். 'முஃப்லிஸ்' என்றால் திவாலானவர், 'இஃப்லாஸ்' என்றால் திவால். வெள்ளியும் பொன்னும் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சிய நிலை. பணத்தின் பெயரிலிருந்தே பணமின்மைக்குப் பெயர் பிறந்திருக்கிறது.

கணக்கில் இடறும் இடங்கள்

வசூல் என்பது அரபியில் 'வுஸூல்'. நேர்ப்பொருள் வந்து சேருதல், அவ்வளவே. துபாய் விமான நிலையத்தில் வருகைப் பகுதிக்குமேல் எழுதியிருப்பது இந்தச் சொல்தான். பணம் நம் கைக்கு வந்து சேருவதை மட்டும் நாம் வசூல் என்று வைத்துக்கொண்டோம். அரபு பில்லில் 'வுஸூல் தேதி' என்று இருந்தால் அது சரக்கு போய்ச் சேர்ந்த நாள். பணம் வசூலான நாளாகப் பதிந்துகொள்ளக் கூடாது. பணம் வசூலிப்பதற்கு அவர்கள் சொல்வது 'தஹ்ஸீல்', அதாவது நம் தாசில்தாரின் தாசில்.

ரசீது இன்னும் பெரிய பொறி. ரசீது அரபுச் சொல்லே அன்று. வந்து சேர்ந்தது என்று பொருள்படும் பாரசீகச் சொல். (வுஸூலும் ரசீதும் இரண்டு மொழிகளில் ஒரே கருத்தைச் சொல்வது வேடிக்கைதான்.) அரபியில் 'ரஸீத்' என்று ஒரு சொல் காதில் விழும். அதன் வேர் வேறு, பொருள் இருப்புத் தொகை. வங்கிக் கணக்கில் உள்ள மிச்சமும், கைப்பேசியில் உள்ள மிச்சமும் ரஸீத். அங்குள்ள வியாபாரி 'ரஸீத் இவ்வளவு' என்று சொன்னால், ரசீது போட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. நாம் கேட்கும் ரசீதுக்கு அங்கே 'ஈஸால்' என்று பெயர். அது வுஸூலின் உடன்பிறப்பு.

வக்கீல் நமக்கு நீதிமன்றத்தில் வாதாடுபவர். அங்கே 'வகீல்' என்றால் நமக்காகச் செயல்பட அதிகாரம் பெற்றவர். சரக்கின் முகவரும் வகீல்தான். எங்கள் வகீல் வருவார் என்று ஒரு கம்பெனி எழுதினால் வழக்குப் போடப்போகிறார்கள் என்று கலங்க வேண்டாம். தகராறு என்பதும் அப்படியே. 'தக்ரார்' என்றால் திரும்பத் திரும்பச் செய்தல். ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிப் பேசினால் சண்டை ஆகும் என்பதால் நம் பக்கம் வந்தபோது பொருள் முற்றியது. அரபியில் அதே வேரின் 'தக்ரீர்', சர்க்கரையையும் எண்ணெயையும் மீண்டும் மீண்டும் சுத்திகரிப்பது. சர்க்கரை மூட்டையில் 'முகர்ரர்' என்று கண்டால் சரக்கில் தகராறு இல்லை, அது சுத்திகரித்த சர்க்கரை.

கடைசியாக ஹவாலா. ஹ-வ-ல என்ற வேருக்கு மாறுதல், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் திரும்புதல் என்று பொருள். 'ஹால்' என்றால் நிலைமை, 'ஹவ்ல்' என்றால் திரும்பி வரும் ஆண்டு, 'ஹீலா' என்றால் தந்திரம், 'தஹ்வீல்' என்றால் மாற்றி அனுப்புதல். அரபு நாட்டு வங்கியில் முறைப்படி பணம் அனுப்பினாலும் சீட்டில் 'ஹவாலா' என்றே இருக்கும். அது அங்கே குற்றமற்ற, அன்றாடச் சொல். நம் நாட்டில், 1990களில் அரசியலைக் கலக்கிய வழக்குக்குப் பிறகு, அந்தச் சொல் சட்டத்துக்குப் புறம்பான பணமாற்றத்துக்கே பெயராகிவிட்டது. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாட்டுப் பணம் அங்கீகாரம் பெற்ற வங்கி அல்லது நிறுவனம் வழியாகத்தான் வரவேண்டும். ஆகையால் அங்கிருந்து 'ஹவாலா அனுப்பியாயிற்று' என்று தகவல் வந்தால் திடுக்கிட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வைக்கவும் வேண்டாம். எந்த வங்கி, எந்தத் தேதி, என்ன எண் என்று கேட்டு வங்கிச் சான்றை வாங்கிக் கோப்பில் வைக்கவேண்டும். அந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத ஆள் சொல்லும் ஹவாலா, நம் ஊர்ப் பொருளில் உள்ள ஹவாலா.